ஆறுமணிக் குருவியும் வாபஸ் வாங்கக் கூடாத வழக்கும்

மகனுக்கு,

உன் கடிதம் வந்தது. நாலு பக்கத்தில் ஒன்பது இடத்தில் ‘புதர்’ என்று எழுதியிருக்கிறாய், இரண்டு இடத்தில் ‘குப்பை’ என்று. எண்ணிவிட்டுத்தான் சொல்கிறேன். கல்யாணப் பத்திரிகையின் மாதிரியோடு வக்கீல் எழுதித் தந்த சமரச மனுவையும் அதே உறைக்குள் வைத்து, நான் கையெழுத்துப் போட வேண்டிய இரண்டு இடத்திலும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு அனுப்பியிருக்கிறாய். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் முப்பது வருடம் டைம் கீப்பராக உட்கார்ந்து கையெழுத்துப் போட்டே சோறு தின்றவனுக்கு, எங்கே போடுவது என்று நீ காட்டித் தருகிறாய். நான் போடவில்லை. போடப் போவதும் இல்லை. அதற்கான காரணத்தை நீ வீம்பு என்று எழுதியிருக்கிறாய். வீம்புதான். ஆனால் நீ நினைக்கிற வீம்பு இல்லை. முழுதாகப் படி. வழக்கம்போல உன் அம்மாவுக்குப் போன் போட்டு, அப்பா என்ன எழுதியிருக்கார், சுருக்கமாச் சொல்லும்மா என்று கேட்காதே. அவள் சுருக்கிச் சொன்னால் அதில் நான் பைத்தியக்காரனாகத்தான் வருவேன். படித்த பிறகு கவிதாவுக்கும் கொடு. தை மாதம் உனக்குக் கழுத்தை நீட்டப் போகிறவள் அவள்தான். தன் அப்பனும் தன் மாமனாரும் எதற்காகப் பதின்மூன்று வருடம் முகம் பார்க்காமல் இருந்தார்கள் என்று அவளும் தெரிந்துகொள்ளட்டும்.

நம் தோட்டம் உன் அம்மாவுக்குப் பிறந்த வீட்டுப் பங்காக வந்தது. ஒட்டினாற்போல இருப்பது அவள் அண்ணன், அதாவது உன் மாமாவின் தோட்டம். இரண்டுக்கும் நடுவே ஓடைக்கரையோடு நீளமாகக் கிடக்கிறதே ஒரு துண்டு, ஒரு பஸ் திரும்பக்கூட அகலம் போதாத இடம், அதில்தான் பொங்கல் கழிந்த மறுநாள் பொக்லைனை இறக்கி, இரண்டு தோட்டத்தையும் ஒன்றாக்கி, சொட்டுநீர் போட்டு, ஓரத்தில் ஒரு வீடும் கட்டப் போவதாக எழுதியிருக்கிறாய். அந்தத் துண்டில் புங்கன் நிற்கிறது, மஞ்சணத்தி நிற்கிறது, சூரையும் காரையும் பின்னிக் கிடக்கின்றன. ஐப்பசி பிறந்து மழை தொடங்கும் சமயத்தில் அதற்குள் ஒரு குருவி வந்து இறங்கும். பங்குனி முடிய இருக்கும். மைனா அளவுதான். வால் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. முதுகு பச்சை, தோளில் நீலத் திட்டு, வயிறு சந்தன நிறம், வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு, கண்ணை ஒட்டி ஒரு கறுப்புப் பட்டை. இத்தனை வண்ணத்தையும் வைத்துக்கொண்டு யார் கண்ணிலும் படாமல் தரையில் தத்தித் தத்திச் சருகைப் புரட்டித் திரிவதால் தோட்டக்கள்ளன் என்று ஒரு பெயர். விடியும்போதும் பொழுது சாயும்போதும் கத்துவதால் ஆறுமணிக் குருவி என்று இன்னொரு பெயர். கோடையில் வடக்கே, இமயமலை அடிவாரம் வரைக்கும் உள்ள காடுகளில் கூடு கட்டுமாம். நூலகத்துப் புத்தகத்தில் படித்தேன். நம் குடும்பம் கெட்டது இந்த இரண்டு பெயராலும்தான்.

கிணறு பொதுக்கிணறு, மோட்டாரும் ஒன்று. என் மாமனார் சாகும் முன்பே தண்ணீர் முறையைப் பிரித்து வைத்துவிட்டுப் போனார். விடிகாலையில் கரண்ட் வந்தது முதல் ஆறு மணி வரை மகனுக்கு, அதற்குப் பிறகு பொழுது சாயும் வரை மகளுக்கு. வெயில் காலத்தில் கிணற்றுச் சுவரில் வெயில் விழுவதைப் பார்த்து முறை மாற்றிக்கொள்வோம். ஐப்பசி, கார்த்திகையில் மூடாப்புப் போட்டிருக்கும், வெயிலைப் பார்க்க முடியாது. அதனால் குளிர் மாதங்களில் குருவி கத்தினால் முறை மாறும் என்று அவர் காலத்திலேயே ஏற்பாடு. எனக்கு அது சிரிப்பாக இருந்தது. நான் நிமிடக் கணக்கில் பஸ்ஸை அனுப்புகிறவன். ஒரு நாள் உன் மாமாவிடம் சொன்னேன், என் கைக்கடிகாரத்தைப் பார்த்து முறை மாற்றிக்கொள்வோம், குருவி ஒரு மாதம் முன்னே கத்துகிறது, ஒரு மாதம் பின்னே கத்துகிறது, அதற்கு என்ன மணி தெரியும் என்று. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே சொன்னார்: “உங்க கடியாரம் உங்க கையில கெடக்கு மாப்ள. குருவி யாரு கையிலயும் இல்ல. அதேன் நல்லது.” பதில் தெரியாமல் போனால் எனக்குக் கோபம் வரும். அந்தக் குணம் உனக்கும் இருக்கிறது, அதை மட்டும் தவறாமல் எடுத்துக்கொண்டாய்.

ஒரு வருடம் மழை ஏமாற்றிவிட்டது. கார்த்திகையிலேயே கிணறு அடியைத் தொட்டது. ராத்திரி ஊறுகிற தண்ணீர்தான் காலையில் நிற்கும். உன் மாமா இறைத்தது போக மிச்சம் எனக்கு என்றால், என் முறை தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே மோட்டார் காற்றை இழுக்கும். மல்லிகைச் செடிகள் வாடி நின்றன. இனி எழுதப் போவது உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அந்தக் குருவியின் குரல் இரண்டே சுரம், ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். நான் அதை விசிலில் பழகிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டிலேயே கிடந்தவனுக்கு விசில் என்ன பெரிய வித்தையா? இன்னும் இருட்டாக இருக்கும்போதே ஓடைப்பக்கமாகப் போய், அந்தத் துண்டுக்குள் குத்தவைத்து உட்கார்ந்து ஊதினேன். குளிருக்கு வந்திருக்கும்போது இந்தக் குருவி தனியாகத்தான் இருக்கும். ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டால் இன்னொரு குருவியை உள்ளே விடாது. இருட்டில் யாரோ நம் இடத்தில் கத்துகிறார்களே என்று அது பதறிப்போய் என் தலைக்கு மேலிருந்து பதிலுக்குக் கத்தியது. அதைக் கேட்டு ஓடைக்கு அந்தப் பக்கம் இன்னொன்று. அந்தக் காலத்தில் ஓடை நெடுக ஆறேழு இருந்தன, எல்லாம் வரிசையாக ஆரம்பித்துவிட்டன. உன் மாமா மோட்டாரை நிறுத்திவிட்டார். எனக்கு இருபது நிமிடத் தண்ணீர் கிடைத்தது. அந்தக் கார்த்திகை முழுக்க இப்படியே செய்தேன். ஏழு மணிக்குக் குளித்து, திருநீறு பூசி, பஸ் ஸ்டாண்டுக்குப் போய், மூன்று நிமிடம் பிந்தி வந்த டிரைவர்களை மெமோ கொடுத்துவிடுவேன் என்று மிரட்டினேன். நான் கள்ளன். இதற்கு வேறு சொல் இல்லை.

மாதக் கடைசியில் ஒரு நாள் உன் மாமா மோட்டாரை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகாமல் கிணற்று மேட்டிலேயே நின்றார். நன்றாக வெளுத்தபிறகு குருவி தன் வழக்கப்படி மறுபடியும் நிதானமாகக் கத்தியது. அந்த நேரம் பார்த்து நான் ஓடைக்கரைத் துண்டிலிருந்து வெளியே வந்தேன், சட்டையெல்லாம் சூரை முள். பூப்பறிக்க வந்த பெண்கள் நாலைந்து பேர் நின்றார்கள். உன் மாமா அவர்களைப் பார்த்து, “இந்தத் தோட்டக்கள்ளன் சட்டை போட்டிருக்கு பாருங்கத்தா” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். நான் ஒதுங்கப் போய்விட்டு வருகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அந்த வாரமே வக்கீலைப் போய்ப் பார்த்தேன். கள்ளன் என்று சொன்னதற்கு வழக்குப் போட்டால் எதற்குச் சொன்னார் என்று கேட்பார்களே. அதனால் யாரும் அதுவரை பேசாத விஷயத்தை எடுத்தேன். நடுவில் உள்ள துண்டும் என் மனைவி என் பேருக்கு எழுதிக் கொடுத்த பங்கில் சேர்ந்தது, அவள் அண்ணன் அபகரிக்கப் பார்க்கிறார் என்று மனு. அது சுத்தப் பொய். தீர்ப்பு வரும் வரை இரண்டு தரப்பும் அந்த இடத்தில் ஒரு குச்சியைக்கூட வெட்டக் கூடாது என்று தடை உத்தரவு வந்தது. நம் ஊரில் ஒரு உத்தரவுக்கு இரண்டு பேர் இப்படிக் கட்டுப்பட்டு நான் பார்த்ததில்லை. அவன் எப்போது மீறுவான் என்று இவனும், இவன் எப்போது மீறுவான் என்று அவனும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

வெட்டக் கூடாது என்றுதானே உத்தரவு, கொட்டக் கூடாது என்று இல்லையே. அவர் தன் பக்கத்துச் சருகு, தென்னை ஓலை, பூச்செடிக் கழிவு எல்லாவற்றையும் என் மேல் கொட்டுவதாக நினைத்து அங்கே கொட்டினார். நானும் அவர் மேல் கொட்டுவதாக நினைத்துக் கொட்டினேன். புங்கன் தன் பங்குக்கு உதிர்த்தது. சில வருடத்தில் முழங்கால் புதையும் சருகு. கீழே எப்போதும் ஈரம், மண்புழு, கரையான், பிள்ளைப்பூச்சி. நீ குப்பை என்று எழுதியிருக்கிறாயே, அந்தக் குப்பைதான் குருவிக்குச் சோறு. அது மரத்தில் பழம் தின்கிற சாதி இல்லை. சருகை அலகால் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, கொஞ்சம் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து எடுக்கும். அந்தக் குட்டை வாலை மெல்ல மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும். ஆள் அரவம் கேட்டால் பறக்காது, நடந்தே மறைந்துவிடும். மேலே நிழல், கீழே சருகு, நடுவில் ஒளிய முள் என்று மூன்றும் ஒரே இடத்தில் வேண்டும் அதற்கு. ஓடைக்கரை நெடுக ஒரு காலத்தில் மூன்றும் இருந்தன. ஒருவர் தக்காளி போட வெட்டினார், ஒருவர் செங்கல் சூளைக்கு விறகென்று விற்றார், ஒருவர் கல் நட்டு மஞ்சள் பெயின்ட் அடித்துக் கொடி கட்டி மனை என்றார். எல்லோரும் அண்ணன் தம்பியோடு ஒற்றுமையாக இருந்தார்கள், அதனால் முடிந்தது. சண்டை போட்ட இடம் மட்டும் மிஞ்சியது.

நீ காலேஜில் படிக்கும்போது லீவில் வந்து, மாசி மாதம் அந்தச் சருகுக்குத் தீ வைத்தாய். பாம்பு அடையுது, சுத்தம் பண்ணினேன் என்றாய். நான் உன்னைத் தென்னை மட்டையால் அடித்தேன். மீசை முளைத்த பிள்ளையை அடித்துவிட்டு, கோர்ட்டு உத்தரவு, ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும் என்று கத்தினேன். நீயும் நம்பினாய். கோர்ட்டுக்குப் பயந்த அப்பன் என்று உன் கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரித்ததும் எனக்குத் தெரியும். நான் கோர்ட்டுக்காக அடிக்கவில்லை. தீ எரியும்போது அந்தக் குருவி பகல் வெளிச்சத்தில் கிணற்று மேட்டுக்கு ஓடிவந்து, வெட்டவெளியில் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. ஒளிந்தே வாழ்கிற ஒன்று எல்லோர் கண்ணிலும் பட நின்றதைப் பார்த்துத்தான் மட்டையை எடுத்தேன். அன்று மாலை அது கத்தவில்லை. அடுத்த மூன்று ஐப்பசியும் அந்த இடம் ஊமையாகக் கிடந்தது. உன்னை அடித்தது தப்பு. ஆனால் அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எண்ணிக்கொள்ளாதே, அந்த மூன்று வருடத்தை நினைத்தால் இப்போதும் கை ஓங்குகிறது.

நாலாவது வருடம் ஒன்று வந்தது. பழையதா புதியதா தெரியாது. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன், விடிகாலையில் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஒரு நாள் சும்மா ஓடைப்பக்கம் போய்ப் பழைய மாதிரி ஊதினேன். உடனே பதிலுக்குக் கத்தியது. பிறகு இருவரும் நிறுத்திவிட்டுக் கேட்டோம். ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் இல்லை, கீழேயிருந்து இல்லை, மேலேயிருந்தும் இல்லை. அது மறுபடி மறுபடி கத்தியது. இத்தனை தூரம் வந்த குருவிக்குப் பதில் சொல்ல இந்தப் பக்கத்தில் ஒரு திருட்டு விசில்தான் மிச்சம் என்று தெரிந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. அதற்குப் பிறகு நான் ஊதுவதில்லை. பொய்யாக ஒரு துணையைக் காட்டுவது தண்ணீர் திருடுவதைவிட மோசம் என்று பட்டது.

இந்த நேரத்தில்தான் நீயும் கவிதாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, முறைப்பெண்தானே என்று உன் அம்மா அண்ணன் வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடந்து, கல்யாணம் நிச்சயமானது. ஊரே சந்தோஷப்பட்டது, பகை தீர்ந்தது என்று. உன் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு நான் யோசித்தேன். நான் கையெழுத்துப் போடாவிட்டால் நீ என்னை விட்டுவிட்டு என் சாவுக்குக் காத்திருப்பாய். உன் மாமாவே மாட்டேன் என்றால் உன்னால் ஒன்றும் செய்ய முடியாது, மாமனாரை எதிர்க்க உனக்கு முதுகெலும்பு கிடையாது. ஆகவே அவரைக் கோபப்படுத்துவது என்று முடிவு செய்தேன். அதற்கு என்னிடம் இருந்த ஒரே சரக்கு உண்மைதான். போன வெள்ளிக்கிழமை காலையில், பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு, மோட்டார் ரூம் வாசலில் அவர் முன்னால் போய் நின்றேன். கல்யாணம் நின்றால் நிற்கட்டும் என்று நினைத்துக்கொண்டேதான் போனேன். இதையும் நீ தெரிந்துகொள்.

“மச்சான், அந்த வருசம் கார்த்திகையில குருவி கத்தல. நாந்தேன் ஊதுனேன்” என்றேன்.

அவர் பீடியை அணைத்தார். “தெரியும். மொத நாளே தெரியும்” என்றார். “குருவி ஒரு தடவ கத்திப்புட்டு மூச்சு விடும். நீங்க மூச்சே விடல.”

“பெறகு என்னத்துக்கு மோட்டார அமத்துனீங்க?”

“அம்புட்டுப் பஸ்ஸுக்கும் மணி சொல்ற மனுசன், தண்ணிக்குன்னு முள்ளுக்குள்ள குத்தவச்சு ஊதிக்கிட்டுக் கெடக்காரு. எந்தங்கச்சி சோறு திங்கிற தோட்டம்தானேன்னு விட்டேன். ஒரு மாசம் பாத்தேன். நீங்களா வந்து சொல்லுவீகன்னு பாத்தேன். சொல்லல. அதேன் அன்னைக்கு வாய விட்டேன்.”

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அவர் ஏமாந்தார் என்று நான் நினைத்த ஒவ்வொரு நாளும் அவர் எனக்குப் பிச்சை போட்டிருக்கிறார். கள்ளன் என்று சொன்னதைக்கூட மன்னிக்கலாம், இரக்கப்பட்டதை எப்படி மன்னிப்பது? நான் திரும்பிவிட்டேன். அவர் பின்னாலேயே வந்து சொன்னார்: “எந்தப் பேப்பருலயும் நான் கையெழுத்துப் போட மாட்டேன் மாப்ள, ஒங்க மகன்ட்டச் சொல்லிருங்க. எனக்கும் ஒரு பேப்பரு வந்து கெடக்கு. பொய்க்கேசுன்னு தெரிஞ்சும் பதிமூணு வருசம் வாய்தாவுக்கு நடந்திருக்கேன். பொக்லைன விட்டு வழிச்சுட்டா, காலையில எந்திரிச்சு நான் எதக் கேக்கறது?” வரப்பைத் தாண்டும்போது, “இதுக்காக ஒங்களோட பேச்சு வார்த்தைன்னு நெனச்சுக்கிறாதீக” என்றார். எனக்கும் அந்த எண்ணம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். இருவருமே கையெழுத்துப் போடப் போவதில்லை என்று கேட்ட உன் அம்மா, “ரெண்டு பேரும் அந்த முள்ளுக்குள்ளயே போயிக் குடியிருங்க, சோறும் வெஞ்சனமும் அங்கனயே கொண்டாந்து தாரேன்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆகவே நடக்கப் போவது இதுதான். பொக்லைன்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிடு. வந்தால் வாதியும் பிரதிவாதியும் சேர்ந்து உன் மேல் புகார் கொடுப்போம், எங்கள் இருவருக்கும் அது ஒன்றுதான் ஒத்துப்போகிற விஷயம். வக்கீலிடம் கேட்டேன். இந்த வழக்கு எங்களோடு முடியாது. நான் செத்தால் என் இடத்தில் வாதியாக நீ வருவாய். உன் மாமா செத்தால், அவருக்கு வேறு பிள்ளை இல்லை, பிரதிவாதியாகக் கவிதா வருவாள். ஒரே வீட்டில் சாப்பிட்டுவிட்டு, ஒரே வண்டியில் ஏறிப் போய், எதிரெதிர்ப் பக்கம் நின்று வாய்தா வாங்கிக்கொண்டு வாருங்கள். சருகைக் கூட்டாதே, தீ வைக்காதே, தாழ்ந்த கிளையைக் கழிக்காதே. குருவி வருகிறதா இல்லையா என்று எனக்கு எழுதவும் வேண்டாம், நான் இருந்தால் கேட்டுக்கொள்வேன்.

கல்யாணத்துக்கு வருவேன். மேடையில் உன் மாமாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போடாதே. அட்சதை தூவும்போது ஆளாளுக்கு நல்ல வார்த்தை சொல்வார்கள், விட்டுக்கொடுத்துப் போ என்பார்கள். நானும் அதையேதான் சொல்கிறேன். வீட்டுக்குள் அவளிடம் எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடு. கோர்ட்டில் மட்டும் உன் பெண்டாட்டியோடு ஒருநாளும் ராஜியாகிவிடாதே.

இப்படிக்கு,
வாதி, உன் அப்பா.